செவ்வாயின் படமும் செவ்வாய்த் தோஷமும்

ஈப்போ நகரத்தாராயினும் சரி, ரப்பர் போய்ச் செம்பனை ஏறிய பேராத் தோட்டப்புறத்தாராயினும் சரி, பெண்ணுக்கு வரன் தேடப் புகுந்தால் நம்மவர் முதற்கண் வினவுவது அவள் கல்வியையன்று, குணத்தையுமன்று. ஜாதகத்தில் செவ்வாய் எங்கே நிற்கிறான் என்பதையே. 2, 4, 7, 8, 12 என்னும் இடங்களுள் ஒன்றில் நின்றால் தோஷமாம். 12 வீடுகளில் 5 வீடு குற்றமுடையதெனில், பிறக்கும் பெண்மக்களில் நூற்றுக்கு நாற்பதின்மேற்பட்டோர் தோஷக்காரிகளாகின்றனர்! விலக்கும் பரிகாரமும் கூறிச் சோதிடர் சிலரைக் கரையேற்றுவது வேறு கதை. அதற்குக் கட்டணம் உண்டு.

இத்துணைப் பழிக்கு ஆளான கோளை மனிதன் கண்டறிந்த சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோம்.

மேனாட்டாரும் செவ்வாயைக் குறித்துக் கதை கட்டாமலில்லை. 1877-ல் இத்தாலிய வானநூலார் ஸ்கியாபரெல்லி தொலைநோக்கியில் கோடுகளைக் கண்டு வரைந்தார். அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் அவற்றைச் செவ்வாய்வாசிகள் வெட்டிய கால்வாய்களென்றே நூல்கள் எழுதினார். ஆயினும் அதைச் சொல்லி அந்நாட்டில் எவரும் ஒரு பெண்ணின் கலியாணத்தை நிறுத்தியதாக நாம் அறியோம்.

1964 நவம்பர் 28-ல் ஏவப்பெற்ற மாரினர் 4 என்னும் விண்கலம், 1965 ஜூலையில் செவ்வாயைச் சுமார் 9,800 கிலோமீட்டர் தொலைவில் கடந்து, 21 முழுப்படங்களை அனுப்பிற்று. படமென்றால் வானத்தினின்று தாளாக விழுந்ததன்று. ஒரு படத்துக்கு 200 வரி, வரிக்கு 200 புள்ளி. ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 63 வரையுள்ள ஓர் எண். இந்த 40,000 எண்களும் வானொலி அலையில் வந்து சேரச் சுமார் 8 மணி நேரம் பிடித்தது. நாடோறும் செக்ரோலில் எண் நிரப்பும் நமக்கு இதன்பால் ஓர் உறவு தோன்றுகிறது. கணிப்பொறி படமாக்கித் தரும்வரை பொறுக்கமாட்டாத பொறியாளர், எண்கள் அச்சான நாடாத்தாள்களைச் சுவரில் வரிவரியாகப் பொருத்தி, எண்ணுக்கேற்ற வண்ணக்கட்டியைத் தம் கையாலேயே தீட்டினர். படங்களில் தெரிந்தவை பெரும் பள்ளங்கள். கால்வாய் ஒன்றேனும் இல்லை. லோவெலின் கதை அன்றே தீர்ந்தது.

1976 ஜூலை 20-ல் வைக்கிங் 1 தரையிறங்கிக் கல்லையும் செம்மண்ணையும் காட்டியது. அச்சிவப்பு இரும்புத் துருவின் நிறம். நம் தோட்டத்துச் செம்மண் சாலைக்கு நிறந்தருவதும் அவ்வினத்துப் பொருளே. இத்துருவா கணவனைக் கொல்லும்?

பின்னர் இந்தியாவின் முறை. மங்கள்யான் 2013 நவம்பர் 5-ல் சிறீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது, அன்று செவ்வாய்க்கிழமை! அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமையார். முயற்சிக்குத் தலைமை பூண்டோருள் ஒருவரான மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியிற் பிறந்தவர். ஏவுமுன் கலத்தின் மாதிரியைத் திருப்பதி மலையில் வைத்துப் பூசித்தனர் என்பதையும் நாம் மறைக்கமாட்டோம். எனினும் 2014 செப்டம்பர் 24-ல் அதைச் செவ்வாயின் சுற்றுப்பாதையிற் சேர்த்தது, கணக்கிட்டபடி 23 நிமிடத்துக்கு மேல் எரிந்த எஞ்சினே. அது கோளைவிட்டுச் சுமார் 77,000 கிலோமீட்டர்வரை விலகிச் சுற்றியதால், செவ்வாயின் வட்டமுகம் முழுவதும் ஒரே படத்தில் அகப்பட்டது. வடபாதியில் எழுந்த புழுதிப் புயலும் அதில் தெரிந்தது. 2020 ஜூலையில் ஃபோபோஸ் என்னும் துணைக்கோளையும் படம்பிடித்த அக்கலம் 2022-ல் தொடர்பற்றது.

அப்படத்தைக் கைத்தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பித் தமிழர் பெருமை பேசிய வீடுகளிலேயே, பெண்ணின் ஜாதகம் எட்டில் செவ்வாயென்று திருப்பப்பட்டதையும் நாம் கண்டோம்.