கடத்தலின் வரலாறும் கைத்தொழிலாளர் மரபும்

செம்பு மின்னையும் வெப்பத்தையும் எளிதிற் கடத்துகின்றது. பட்டு கடத்த மறுக்கின்றது. பள்ளி மாணவர் யாவரும் அறிந்த இவ்வுண்மையை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான் என்பதை வகுப்பறையில் நாம் அதிகம் பேசுவதில்லை. விதி நிலைக்கின்றது, அதைக் கண்டவர் வெறும் பெயராகிவிடுகின்றார். அப்பெயர்களின் பின்னுள்ள வாழ்க்கையை நோக்குமிடத்து, அவர்களுட் சிலர் உழைப்பாளர் குடியினர் என்பது புலனாகும்.

இங்கிலாந்தின் கன்ரபரி நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கிரே சாயத் தொழில் செய்தவர். முதுமையில் இலண்டன் சார்ட்டர்ஹவுஸ் அறநிலையத்தில் அடைக்கலம் பெற்றார். 1729ஆம் ஆண்டில், தேய்த்த கண்ணாடிக் குழாயின் மின் நூல்வழியே தொலைவுக்குச் செல்வதை அவர் கண்டார். கிரான்வில் வீலர் என்பாரின் மாளிகையில், நூலைப் பட்டிழைகளால் தாங்கி அவர்கள் சோதனை செய்தனர். பாரந்தாங்காது பட்டு அறுந்தபோது மெல்லிய பித்தளைக் கம்பியால் நூலைத் தாங்கினர். மின் மறுமுனையை அடையவில்லை. கம்பியும் மெல்லியதே. ஆகவே தடுத்தது பட்டின் மென்மையன்று, அதன் பொருட்டன்மையே என்பது தெளிவாயிற்று. மீண்டும் பட்டைக் கையாண்டு 700 அடிக்கு மேலும் மின்னைச் செலுத்தினர். கடத்தி, காவலி என்னும் பாகுபாடு இவ்வாறே பிறந்தது. 1731இல் ரோயல் சங்கத்தின் முதலாவது கொப்ளி பதக்கம் கிரேக்கு வழங்கப்பட்டது.

எவ்வளவு கடத்தும் என்ற வினாவுக்கு விடை காண மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. வெப்பம் பொருளினூடே பரவும் முறையைக் கணிதத்தில் வகுத்து 1822இல் நூலாக வெளியிட்ட பூரியே, பிரான்சில் ஒரு தையற்காரரின் மகன். அவருடைய கருத்தை மின்னுக்குப் பொருத்திய யோர்ச் சைமன் ஓம், ஜேர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். தாமாகவே கற்ற அத்தந்தைதான் மகனுக்குக் கணிதம் புகட்டினார்.

1817இல் கொலோன் நகரப் பள்ளியில் ஓம் ஆசிரியரானார். அப்பள்ளியின் ஆய்வுகூடம் நல்ல கருவிகளைக் கொண்டிருந்தது. மின்கலத்தின் வலு நிலையாக நில்லாமையால், செம்பும் பிசுமத்தும் இணைந்த சந்திகளுள் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னோட்டத்தைப் பெற்றார். ஒரே தடிப்பும் வெவ்வேறு நீளமும் கொண்ட செப்புக் கம்பிகளை அதில் இணைத்து அளந்தார். 1827இல் அவருடைய நூல் வெளிவந்தது. தாய்நாட்டில் அதற்கு உரிய மதிப்பு விரைவிற் கிட்டவில்லை. 1841இல் அந்நியரான ரோயல் சங்கத்தாரே அவருக்குக் கொப்ளி பதக்கம் அளித்தனர். மியூனிக் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக அவர் முழுநியமனம் பெற்றது 1852இல். இரண்டே ஆண்டுகளில் மறைந்தார்.

1853இல் வீடமனும் பிரான்சும் மற்றோர் உண்மையைக் கண்டனர்: ஒரே வெப்பநிலையில், வெப்பக் கடத்தாற்றுக்கும் மின் கடத்தாற்றுக்குமுள்ள விகிதம் பல உலோகங்களில் ஏறத்தாழ ஒன்றே. உலோகத்தில் இரண்டையும் பெரும்பாலும் சுமப்பவை இலத்திரன்களே என்ற விளக்கம் பின்னர் வந்தது. பூரியேயின் வெப்பமும் ஓமின் மின்னும் ஒரே வழியிற் சென்றமை தற்செயலன்று.

வறுமை அறிவைத் தருமென்று இதனாற் கொள்ளலாகாது. கிரேக்கு ஒரு செல்வரின் மாளிகை வாய்த்தது. ஓமுக்கு ஒரு பள்ளியின் ஆய்வுகூடம் வாய்த்தது. திறன் எக்குடியிலும் பிறக்கும். கருவிதான் எல்லாருக்கும் எட்டுவதில்லை. செல்வரின் தயவை நம்பி அறிவியல் வளர முடியாது. ஆகவே, கிராமப் பள்ளிக்கு ஆய்வுகூடம் கேட்பது ஆடம்பரம் என்போர், ஓம் விதி எங்கே பிறந்தது என்பதை எண்ணிப் பார்ப்பாராக.