சீத்தா கேம்ப்: தானியமும் முகவரியும்

பேலியோ உணவுமுறையின் முதல் விதி தானியத்தை விலக்குவது. போய்ட் ஈட்டனும் மெல்வின் கான்னரும் 1985இல் எழுதிய மருத்துவக் கட்டுரை அக்கருத்துக்கு அறிவுலகில் இடம் தந்தது. தமிழில் நியாண்டர் செல்வனின் எழுத்துகள் அதைப் பரப்பின. மும்பையின் சீத்தா கேம்ப்பில் இவ்விதியைச் சற்று வேறுவிதமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

பம்பாயில் உணவுப் பங்கீடு 1943இல், போர்க்காலத்தில் வந்தது. போர் முடிந்தும் ரேஷன் கார்டு நீடித்தது. மலிவு அரிசிக்கும் கோதுமைக்குமான அந்த அட்டை, நிலவுரிமை அற்றவர்களுக்கு நாளடைவில் வசிப்பிடச் சான்றும் ஆயிற்று. அதன் அருமை 1976 மே மாதத்தில் தெரிந்திருக்கும். நெருக்கடிநிலையின்போது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக மான்குர்து ஜனதா காலனி அகற்றப்பட்டது. ஜோக்கின் அற்புதம் முன்னின்று நடத்திய நெடும் போராட்டமும் பயனளிக்கவில்லை. தமிழர் பலர் உள்ளிட்ட அக்குடியிருப்பினர் டிராம்பே அருகே இன்றைய சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். ஆக, இங்குத் தானியத்தை மாவுச்சத்துக் கணக்கில் மட்டும் அடக்க இயலாது. அது முகவரியோடு வந்தது.

விலையும் குறுக்கே நிற்கிறது. சோற்றைக் குறைப்பவர் இறைச்சியையும் முட்டையையும் மீனையும் கூட்டியாக வேண்டும். ஏழைகளுக்கு எட்டிய இறைச்சி மாட்டிறைச்சி. பசுவதையைத் தடுத்த மகாராஷ்டிரச் சட்டமும், தற்செயலாக, 1976ஆம் ஆண்டினதே. 2015 திருத்தம் காளையையும் எருதையும் அத்தடைக்குள் கொணர்ந்தது. எருமை மட்டும் விடுபட்டது.

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தினர்க்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். 2023 ஜனவரி முதல் அது இலவசம். முட்டையும் மீனும் சந்தை விலைக்குத்தான்.