அமிகா

அமிகா, அமெரிக்காவின் கமடோர் நிறுவனம் 1985 முதல் 1994 வரை விற்ற கணினி வரிசை. காலத்தை முந்திய பொறியமைப்பு இருந்தும் பெருஞ்சந்தையை இழந்து, ஆர்வலர்களின் சிறு வட்டத்துக்குள் ஒடுங்கியது.

ஜே மைனர் தலைமையிலான குழு கலிபோர்னியாவில் இதை வடிவமைத்தது. அக்குழுவின் நிறுவனத்தைக் கமடோர் 1984இல் வாங்கியது. மறு ஆண்டு ஜூலையில் நியூயார்க் லிங்கன் மையத்தில் நடந்த அறிமுக விழாவில், ஓவியர் ஆண்டி வார்ஹால் பாடகி டெபி ஹாரியின் உருவத்தை இதன் திரையில் வண்ணமிட்டுக் காட்டினார். முதல் மாதிரியான அமிகா 1000இன் விலை, மானிட்டர் நீங்கலாக, 1,295 டாலர். 4,096 வண்ணங்களும் ஸ்டீரியோ ஒலியும் ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டும் இயங்குதளமும் அந்த விலையில் கிடைத்தது பெரும் சாதனை. 1987இல் வந்த மலிவான அமிகா 500, பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வீடு வீடாகப் புகுந்தது.

ஆக்னஸ், டெனிஸ், பவுலா என்ற மூன்று தனிச் சில்லுகளே இதன் உயிர். படத்தையும் ஒலியையும் அவை கவனித்துக்கொண்டதால் மையச் செயலியின் சுமை குறைந்தது. வீழ்ச்சிக்கான வித்தும் அங்கேதான் இருந்தது. வேகத்துக்காக விளையாட்டு நிரலாளர்கள் இயங்குதளத்தைத் தாண்டி, சில்லுகளுக்கே நேரடியாகக் கட்டளையிட்டார்கள். சில்லை மாற்றினால் பழைய நிரல்கள் முடங்கக்கூடும். மாற்றும் உரிமையோ கமடோர் ஒன்றிடமே இருந்தது. பிசி உலகில் 1987இல் விஜிஏ திரைத் தரம், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி கார்டு என ஒவ்வொரு பாகமும் தனித்தனியே முன்னேறியது. பயனர் ஒரு கார்டை மட்டும் மாற்றினால் போதும். கமடோரின் பெரிய மேம்பாடான ஏஜிஏ சில்லுத் தொகுதி 1992இல்தான் வந்தது.

1993இல் வெளியான 'டூம்' என்ற முப்பரிமாண விளையாட்டு இந்த இடைவெளியை அப்பட்டமாக்கியது. அமிகா ஒரு புள்ளியின் நிறத்தைப் பல அடுக்குகளில் பிரித்து வைத்தது. தட்டையான காட்சிகளை நகர்த்த அது அருமையான முறை. முப்பரிமாணக் காட்சியைப் புள்ளி புள்ளியாக எழுதும்போது அதுவே முட்டுக்கட்டை. விஜிஏவில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் எழுதினால் வேலை முடிந்தது.

தொலைக்காட்சித் துறை மட்டும் இதை எளிதில் கைவிடவில்லை. தொலைக்காட்சி அலைவரிசையின் தாளத்தோடு ஒத்து ஓடும்படி அமைந்த கணினி என்பதால், நியூடெக் நிறுவனத்தின் வீடியோ டோஸ்டர் என்ற காணொளித் தயாரிப்புக் கருவி 1990இல் இதன்மேல் எழுந்தது. 'பாபிலோன் 5' தொடரின் முன்னோட்டப் படத்துக்கான விண்வெளிக் காட்சிகளும் அமிகாக்களில் உருவானவையே.

1994 ஏப்ரலில் கமடோர் மூடப்பட்டது. அமிகாவின் உரிமை 1995இல் எஸ்காம் நிறுவனத்துக்கும் 1997இல் கேட்வே நிறுவனத்துக்கும் போனது. இரு நிறுவனங்களாலும் வரிசையை மீட்க முடியவில்லை. ஆனாலும் இதன் இயங்குதளம் தொடர்ந்தது; பவர்பிசி செயலிகளுக்கான அமிகா ஓஎஸ் 4.0 பதிப்பு 2006இல் வெளியானது.