மல்லிக் பஜாரும் மறுபிறவி எடுத்த மோட்டார்களும்

கல்கத்தாவில் வாழும் நம்மவர், பார்க் ஸ்ட்ரீட் வழியே சென்று, முன்னாளில் லோயர் சர்க்குலர் ரோடு என வழங்கிய ஜகதீச சந்திர போஸ் சாலையை அடையுமிடத்தில் மல்லிக் பஜாரைக் கண்டிருப்பார்கள். பழைய மோட்டார் உதிரிப் பாகங்களுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம் அது. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் துயிலும் கல்லறைத் தோட்டமும் அருகிலேயே உள்ளது. ஒருபுறம் மாந்தர் ஓய்வு கொள்ள, மறுபுறம் மாண்ட வண்டிகளுக்கு ஓய்வே இல்லாதிருப்பது வேடிக்கைதான். இத்தகைய கடையை நாம் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. வடக்கே 'கபாடி' என்றால் யாவருக்கும் விளங்கும்.

இவ்வணிகம் செழித்ததற்கு நம் வறுமை ஒன்றே காரணம் என்பார் உண்டு. அது முழு உண்மையன்று. 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாயில், வெளிநாட்டுப் பாகங்களைத் தருவித்து வண்டிகளைப் பூட்டத் தொடங்கிற்று. ஃபோர்டு கம்பெனியும் அவ்வாறே செய்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டமில்லாதார்க்கு இங்கே இடமில்லை என்று 1953-ல் அரசாங்கம் முடிவு செய்யவே, மறு ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கூடத்தை மூடிற்று, ஃபோர்டும் விலகிற்று. கம்பெனிகள் போயின, செவர்லேக்கள் போகவில்லை! அவற்றுக்குப் பல்சக்கரமோ அச்சோ முறிந்தால், இறக்குமதியும் அரிதான அந்நாளில், ஓடாத இன்னொரு செவர்லேயைத் தேடுவதல்லாமல் வேறு வழி ஏது?

இறந்த வண்டியை உறுப்பு உறுப்பாகப் பிரித்தறிவது ஒரு கலை. எஞ்சின், கியர் பெட்டி, டைனமோ, கதவு, கண்ணாடி எனத் தனித்தனியே பிரிப்பார்கள். செம்பும் பித்தளையும் தனி விலைக்குப் போகும். எதற்கும் உதவாத தகடே இறுதியில் எடைக்கு எடை இரும்பாக உலைக்குச் செல்லும். எந்த வண்டியின் பாகம் எந்த வண்டிக்குச் சிறிது அராவினால் பொருந்தும் என்னும் அறிவு, ஏட்டில் எழுதப்படாமல் கையிலிருந்து கைக்கு வந்தது. உத்தரபாராவில் உருவான அம்பாஸடரின் வெளித்தோற்றம் பல்லாண்டுகள் பெரிதும் மாறாதிருந்தமையும் இவர்களுக்கு வாய்ப்பாயிற்று. 2014-ல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றது. அன்று செவர்லேக்காரர் நின்ற நிலையில் இன்று அம்பாஸடர்க்காரர் நிற்கிறார்.

இதில் இருளும் உண்டு. திருட்டு வண்டிகளும் பிரிக்கப்படுகின்றன என்ற புகாரின்மேல், மீரட் நகரின் பெயர்பெற்ற சோதிகஞ்ச் சந்தையைப் போலீசார் 2021 டிசம்பரில் மூடினர். அதே ஆண்டில், பதிவு பெற்ற கூடங்களிலேயே வண்டியை ஒப்படைத்து அதற்குரிய சான்றிதழ் பெறும் விதிகளும் வந்தன.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கேதான் சங்கடம். ஊரில் பதிவு செய்த வண்டியைக் கபாடிக்காரரிடம் தள்ளிவிட்டுப் பணத்தை எண்ணி வாங்கியதும் காரியம் முடிந்ததென்று நினைக்கிறோம். பதிவேட்டில் நம் பெயர் அப்படியே இருக்கும். அதன் எண் பலகையை வேறொருவர் மாட்டித் திரிந்தால், விசாரணை நம் வாசலுக்கே வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வண்டி அழிந்தாலோ, இனி ஓடவே இயலாதென்று ஆனாலோ, 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் அறிவித்துப் பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும். இதற்காக ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. வண்டியை வழக்கமாக வைத்திருந்த இடத்துப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தால் போதும். முதலில் பதிவு செய்த அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள்.