வாணியம்பாடித் தமிழாசிரியரின் குறுந்தொகை

எட்டுத்தொகையின் அச்சு வரலாற்றில் 1915 அகப்பாடல்களுக்கு நல்ல ஆண்டு. நற்றிணையும் குறுந்தொகையும் அந்த ஓராண்டிலேயே அச்சேறின. நற்றிணைக்கு உரை எழுதிய பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் முந்தின ஆண்டே காலமாகிவிட்டதால், தம் உழைப்பு நூலாக வந்ததைக் காணவில்லை. குறுந்தொகையைப் பதிப்பித்தவர், வாணியம்பாடியில் தமிழாசிரியராக இருந்த திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கனார். பதிப்பு அச்சானது வேலூரில்.

தோல் பதனிடும் தொழிலுக்கும் உருதுக் கவிதைக்கும் பேர்பெற்ற பாலாற்றங்கரை ஊரிலிருந்து குறுந்தொகை முதன்முதலாக நூலாக வந்தது என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

அரங்கனார் எடுத்துக்கொண்ட வேலை எளிதன்று. குறுந்தொகையில் 380 பாடல்களுக்குப் பேராசிரியரும், அவர் விட்ட 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்கள் என்பது பழஞ்செய்தி. அவ்வுரைகள் இரண்டும் கிடைக்கவில்லை. கைப்பிடித்து அழைத்துச்செல்லப் பழைய உரையாசிரியர் ஒருவரும் இல்லாத நிலையில் அரங்கனார் தாமே புத்துரை கண்டார். 1937இல், தம் 82ஆம் வயதில், உ.வே.சாமிநாதையர் விரிந்த ஆராய்ச்சியோடும் ஒப்புமைப் பகுதிகளோடும் தம் பதிப்பை வெளியிட்டார். இன்று கற்போர் கையில் இருப்பது அதுதான். அந்தப் பெருமை ஐயருக்குத் தகும். முதல் ஏர் ஓட்டியவரை மறந்தது மட்டும் தகாது.

பூரிக்கோ தொகுத்த இந்நூலில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். நான்கடி முதல் எட்டடி வரை என்பது அளவு. 307ஆம், 391ஆம் பாடல்கள் மட்டும் ஓரடி மிகுந்து ஒன்பதைத் தொட்டன. சிறியவை என்பதாலேயே இவற்றை வேகமாகப் படித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் வாசகர் வழுக்குகிறார். செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் பாடிய 40ஆம் பாட்டு திருமண அழைப்பிதழ் வரை வந்துவிட்டது. அதை யார் யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்று கேட்டால் பலரிடம் பதில் இராது. பாட்டோடு வரும் கூற்றுக் குறிப்பைத் தள்ளிவிட்டால் குறுந்தொகையில் பாதி போய்விடும்.

கூடலூர் கிழாரின் 167ஆம் பாட்டைப் பார்க்கலாம். முற்றிய தயிரைக் கையால் பிசைந்த பெண், அந்த விரலைத் துடைத்த உடையைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிதப் புகை கண்ணில் ஏறுகிறது. அவள் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. இவ்வளவுதான் நிகழ்ச்சி. இதைச் சொல்பவரோ கணவனும் அல்லர், மனைவியும் அல்லர். மகளின் புதுமனைக்குப் போய்வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். செல்வமாக வளர்ந்த பெண் தன் கையாலேயே அடுப்படியில் உழல்கிறாள் என்ற செய்தி கேட்டுத் தாய் வருந்துவாளா, மகிழ்வாளா? அந்தக் கேள்வி பாட்டுக்கு வெளியே, கேட்பவள் மனத்தில் இருக்கிறது. காதல் என்ற சொல்லே வராமல் ஓர் இல்லறத்தின் காதல் முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது.

கபிலரின் 25ஆம் பாட்டில் தலைவி தோழியிடம் பேசுகிறாள். களவில் கூடிய நாளில் தலைவனைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஒரு குருகு நின்றது. தினைத்தாள் போன்ற கால்களோடு ஓடுநீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. மீன்மேல் கண்ணாக இருந்த பறவை எந்த மன்றத்தில் வந்து சாட்சி சொல்லும்? அவளுடைய அச்சத்தின் அளவை அந்தக் கால்களின் மெலிவே காட்டிவிடுகிறது.

பெயர் தொலைந்த புலவர்களுக்கு அவர்கள் பாட்டுச் சொல்லையே பெயராக்கியதும் இத்தொகையின் அழகு. குப்பைக்கோழியார், கல்பொரு சிறுநுரையார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார். இவர்களுள் குப்பைக்கோழியார் உவமைத் துணிச்சலில் கபிலருக்கும் இளைத்தவர் அல்லர். ஏவிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இல்லாமல் குப்பைமேட்டில் பொருதும் கோழிகளைக் காமநோய்க்கு உவமையாக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

குறுந்தொகையைப் புதிதாகத் தொடங்குவோர் ஐயர் பதிப்பையே எடுக்கலாம். நாளுக்கு ஒரு பாட்டுப் போதும். கூற்றை முதலில் படித்துவிட்டுப் பாட்டுக்குள் போகவேண்டும். வட ஆர்க்காட்டுப் பகுதியின் கல்லூரிகளும் நூலகங்களும் அரங்கனாரின் 1915ஆம் ஆண்டுப் பதிப்பைத் தேடி எடுத்து, படிப்போர் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும்.