04112 காலத்துக் கம்பிகள்

காஞ்சிபுரத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 04112 ஞாபகம் இருக்கும். 044-இல் சேருவதற்கு முன் நம் ஊர் எஸ்.டி.டி. எண். அந்தக் காலத்தில் நான் கேபிள் ஜாயின்டர். 1961-இல் தபால் தந்தி இலாகாவில் சேர்ந்தேன். 2000-இல் ஓய்வு பெற்றேன். அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி இலாகாவும் பி.எஸ்.என்.எல். ஆகிவிட்டது. கட்டடங்களுக்குள் கம்பி போடும் வேலை எப்படி மாறியது என்று பேரன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் உண்டு.

நான் சேர்ந்தபோது ஈய உறைக்குள் காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகள்தான். ஈரம் பட்டால் தீர்ந்தது. ஐப்பசி அடைமழையில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. பிறகு பாலித்தீன் உறை போட்டு, ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்தது. அதில் நிறத்தை வைத்துத்தான் ஜோடி பிடிப்போம். புளூ, ஆரஞ்ச், கிரீன், பிரவுன், சிலேட். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஜோடிக் கம்பிகளை ஒன்றோடு ஒன்று முறுக்கியிருப்பார்கள். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே 1881-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பக்கத்துக் கம்பியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு இழையிலும் ஒரே அளவாக விழும், மறுமுனையில் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். நம் ஊரில் பட்டு இழையை முறுக்குவது பலத்துக்காக. இது இரைச்சலுக்காக.

வீட்டுக்குள் வேலை எளிது. ஒரு போனுக்கு ஒரு ஜோடி. பிள்ளையார்பாளையத்து நெசவு வீடுகளில் மட்டும் கஷ்டம். கூடம் முழுக்கத் தறி நிற்கும். ஆணி அடித்தால் சுண்ணாம்பு உதிர்ந்து பாவில் விழும் என்று வீட்டம்மா கூடவே நிற்பார்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் கம்பெனிக்கு ஒரு தினுசுக் கம்பி. ஐ.பி.எம்.முக்கு ஒன்று, மற்றவர்களுக்கு வேறொன்று. மெஷினை மாற்றினால் கம்பியையும் பிடுங்க வேண்டும். அமெரிக்காவில் 1984 ஜனவரி 1-ஆம் தேதி ஏ.டி.அண்ட்.டி. என்ற மாபெரும் டெலிபோன் கம்பெனி துண்டுகளாகப் பிரிந்தது. கட்டடத்துக்குள் இருக்கும் கம்பி யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கே பெரிதானது. 1991 ஜூலையில் இ.ஐ.ஏ./டி.ஐ.ஏ. 568 என்ற விதிமுறை வெளிவந்தது. கரண்ட், தண்ணீர்க் குழாய் மாதிரி இந்தக் கம்பியும் இனி கட்டடத்தைச் சேர்ந்தது, எந்த மெஷினையும் சேர்ந்ததல்ல. ஒரே இடத்திலிருந்து ஒவ்வொரு மேஜைக்கும் தனிக் கம்பி. நான்கு ஜோடி, எட்டு இழை. நிரந்தரமாகப் போடும் கம்பி 90 மீட்டர், இரு முனை இணைப்பும் சேர்த்து 10 மீட்டர், அதற்கு மேல் கூடாது. ஸ்ட்ரக்சர்ட் கேபிளிங் என்பது இதுதான்.

2001 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, என் தங்கை மகன் காந்தி ரோடில் ஒரு பட்டுக் கடைக்கு இந்த வேலையை எடுத்தான். 18 பாயின்ட். "மாமா, நீங்க வந்து நின்னா போதும்" என்றான். கேபிளைச் சீவிப் பார்த்தேன். புளூ, ஆரஞ்ச், கிரீன், பிரவுன்! சிலேட் மட்டும் இல்லை. இது நம்ம சரக்குதானே என்று நிற்காமல் நானே உட்கார்ந்துவிட்டேன். பணத்தை மிச்சம் பிடிக்கப் பேனல் போடாமல், முனைகளில் நேரே ப்ளக் அடித்தோம். முதல் ஜோடி 1, 2. அடுத்தது 3, 4. பிறகு 5, 6. கடைசி 7, 8. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன.

கீழ்த்தளத்தில் பக்கத்து மேஜைகள் நன்றாக ஓடின. மாடிக் கோடியில் இருந்தவை பில் போடும்போதே நின்றன. முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாலு நாள் கம்ப்யூட்டரைக் குறை சொன்னோம், பிறகு கேபிளைக் குறை சொன்னோம். முதலாளி பாக்கிப் பணத்தை நிறுத்திவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான். ப்ளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சார், இது யார் அடிச்சது?" என்றான்.

"நான்தான்" என்றேன்.

அந்த விதிமுறையில் 3-க்கு ஜோடி 6. நான் அடித்தபடி 3 ஒரு ஜோடியிலும் 6 வேறொரு ஜோடியிலும் போயின. கம்பி அறுபடவில்லை, விளக்கு எரியும். ஆனால் முறுக்கின் பலன் போய்விட்டது. கிட்டத்தில் தாங்கும், தூரத்தில் தாங்காது. ஏன் இப்படி 3-ஐயும் 6-ஐயும் பிரித்து வைத்தார்கள் என்று கேட்டேன். "நடுவில் 4, 5 டெலிபோனுக்கு சார். பழைய போன் ப்ளக்கைச் செருகினால் நடு ஜோடியில்தானே உட்காரும்" என்றான். நாற்பது வருஷம் நான் பார்த்த டெலிபோனுக்காக விட்ட இடம் அது!

அன்று ராத்திரி கடை மூடியதும் 36 முனையையும் வெட்டித் திரும்ப அடித்தோம். முடிக்கும்போது விடிய நாலு மணி. தங்கை மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்குக் கொடுப்பதாகச் சொன்ன கூலியை நான் வாங்கவில்லை.

கடையில் இப்போது ஃபைபர் வந்திருக்கிறது. மாடிப்படி வரைக்கும்தான். அங்கிருந்து பில் மேஜைக்கு இன்னமும் அதே எட்டு இழைதான் போகிறது.