வரையாட்டைக் காணச் சுமந்தேறிய கருவிகள்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலை ஒரு மதிலைப் போல எழுந்து நிற்பது தெரியும். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டோ 1,300 மீட்டருக்கும் மேலே. இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இன்று ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் காலையில் ஜீப்புகளில் ஏறிச் செல்கின்றனர். சாலை அமைவதற்கு முன் அரிசி மேலே சென்றதும் ஏலக்காய் கீழே வந்ததும் மனிதர் தலையிலும் பொதிவிலங்கின் முதுகிலுமே. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கிய காலமும் ஒன்றுண்டு. ஆகவே இம்மலையில் எப்பொருளைக் குறித்தும் முதலில் எழும் வினா, இதை யார் சுமப்பது என்பதே. காட்டு விலங்கைக் காணவும் படம் பிடிக்கவும் உதவும் கண்ணாடியும் முக்காலியும் இவ்வினாவுக்குக் காலந்தோறும் என்ன விடை கூறின என்பதையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் விலங்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சங்கப் புலவர்கள் ‘வருடை’ என்று வழங்கிய வரையாடு, இப்பகுதி மலைகளின் உயர்ந்த புல்வெளிகளையும் செங்குத்தான பாறைகளையும் உறைவிடமாகக் கொண்டது. அதன் பார்வை மிகக் கூர்மையானது. பகை கீழிருந்தே வரும் என்று எதிர்பார்ப்பதுபோல, அது பள்ளத்தாக்கை நோக்கியே காவல் காக்கும். எனவே அதை அணுக விரும்புவோர், அன்றைய வேட்டைக்காரராயினும் இன்றைய புகைப்படக்காரராயினும், சுற்றிச் சென்று அதற்கும் மேலே ஏறியாக வேண்டும். கருவியின் எடை இங்கே ஓர் அற்பச் செய்தியன்று. ஆட்டைக் காண்பதும் காணாது திரும்புவதும் அதைப் பொறுத்தவை.

முக்காலியைத் தென்னாட்டு மலைகளுக்குப் பழக்கியவர்களுள் முன்னின்றவர்கள் நில அளவையாளர்கள். நான்கு கால் நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும். மூன்று கால் ஆடாது. எந்த மூன்று புள்ளிகளின் வழியாகவும் ஒரு தளம் செல்லும் என்று வகுப்பில் படிக்கும் வடிவகணித உண்மையே இதற்குக் காரணம். வில்லியம் லாம்ப்டன் 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, பின்னர்ப் பெரும் முக்கோண அளவையாக வளர்ந்த பணியைத் தொடங்கினார். கோணம் அளக்க அவரிடமிருந்த தியோடலைட்டின் எடை ஏறத்தாழ அரை டன். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு பிழைத்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் வாரக்கணக்கில் தம் கையாலேயே அதைத் தட்டிச் சீர்செய்தார். அவருக்குப் பின் 1816 முதல் 1820 வரை திருவாங்கூர், கொச்சி நாடுகளை அளந்த வார்டும் கானரும், இந்த ஏலமலைப் பக்கத்துக் காடுகளை வரைபடத்தில் ஏற்றினர். அரை டன் கருவியைத் தூக்கிக்கொண்டு அட்டைகள் நிறைந்த சோலைகளில் நடக்க எவராலும் இயலாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

லாம்ப்டனின் கருவி அடிபட்ட அதே தஞ்சைக் கோயிலுக்கு, ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறொரு முக்காலி வந்தது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858இல் அக்கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீண்ட படமாக இணைத்தார். மதுரையையும் அவ்வாண்டுகளில் படம் பிடித்தார். அக்காலத்தில் பலர் கையாண்ட முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அதற்கு ஓர் இருட்டுக் கூடாரமும் உடன்வர வேண்டும். ட்ரைப் மெழுகூட்டிய தாளைக் கையாண்டார். தாளை முன்னரே பதப்படுத்தி வைத்துக்கொள்ளலாம், கண்ணாடியைப் போல உடையாது, எடையும் குறைவு. ஆனால் ஒளியைத் தாள் மெதுவாகவே உண்ணும். நெடுநேரம் பெட்டி அசையாது நிற்க வேண்டியிருந்ததால் முக்காலியின்றி ஒரு படமும் இல்லை. கோபுரம் அசையாது நின்றது, சரி, வரையாடு நிற்குமா?

பின்னர் உலர்தகடும் படச்சுருளும் வந்தன. 1925இல் லைக்கா என்னும் சிறு கேமரா விற்பனைக்கு வந்தது. இமயமலை அடிவாரத்துக் காடுகளில் வன அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், கேமராவைப் பாதையோரம் நிறுத்தி, புலியின் காலே கம்பியை இடறித் தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1927இல் அப்படங்கள் நூலாயின. தமிழகத்தில் இத்துறையில் முதலில் நினைக்கத்தக்கவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த கருவிக்கு அவர் வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. பெயரிலேயே எடையைக் கேலி செய்திருக்கிறார்! முதுமலையில் யானைமீதமர்ந்தும் அவர் படமெடுத்தார். மூச்சு விடும் யானையின் முதுகில் முக்காலிக்கு இடமேது?

நம் மலைக்கு அப்பால், மூணாற்றுப் பக்கத்தில், தோட்ட வெள்ளையர்கள் துப்பாக்கியோடு வரையாட்டைத் தொடர்ந்தனர். அவர்களே பின்னர் உயர்மலை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் கண்டு, இரவிகுளத்தில் முதுவர்களைக் காவலராக வைத்தனர். மதுரையிலிருந்து போடி வழியாக மலையேறி வந்தோம் என்பது முதுவர்களின் மரபுவழிக் கதை. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் வைத்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் பிற விலங்குகளுக்கான வேட்டை உரிமத்தையும் நீக்கிற்று. துப்பாக்கிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கண்ணாடி, அதன்பின் கேமராக்காரர் கையிலும் கணக்கெடுப்போர் கையிலும் நிலைத்தது.

இனி, மலையேறும் மாணவன் எதைத் தேர்வது? நான் முதன்முதல் வாங்கிய பைனாகுலர் 12 மடங்கு பெருக்குவது. பெரிதாகக் காட்டுவதே சிறந்தது என்று எண்ணினேன். கணக்கு ஆசிரியனாயிருந்தும் கணக்குப் பார்க்கவில்லை. பெருக்கம் ஆட்டை மட்டும் பெருக்குவதில்லை. மூச்சிரைப்பில் நடுங்கும் கையின் ஆட்டத்தையும் அதே அளவு பெருக்குகிறது. மேலும், முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பதே கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம். 8×32 என்று பொறித்த கருவியில் அது 4 மில்லிமீட்டர். 12×25 கருவியில் இரண்டுக்குச் சற்றே மிகும். மூடுபனி இறங்கிய ஏலக்காட்டு நிழலில் இவ்வேறுபாட்டைக் கண் உடனே உணரும். 10×50 நல்ல ஒளி தரும். ஆனால் கழுத்து அதை உச்சிவேளைக்குள் சபித்துவிடும். மேகம் உள்ளே புகுந்து பூத்துப்போகாதபடி நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட 8×32 கருவியையே இச்சரிவுக்கு நான் சொல்வேன்.

கேமராவுக்கும் இதே நியாயம். 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் ஏந்தி எடுப்பவன், வினாடியில் 400இல் ஒரு பங்குக்கு மேல் திரையைத் திறந்து வைத்தால் படம் கலங்கும் என்பது பழைய விதி. இன்றைய கருவிகள் கையின் நடுக்கத்தைத் தாமே ஈடுசெய்கின்றன. எனினும் சோலை இருளில் முக்காலி இன்னும் வேண்டியதே. அலுமினியத்தைவிடக் கார்பன் இழைக் கால்கள் எடை குறைந்தவை, விலை மிகுந்தவை. இளமரம் போல வளையும் மெல்லிய முக்காலி, தென்மேற்குப் பருவக் காற்றில் எடையின்மையாலேயே கெடும். அதற்குப் பரிகாரம் உண்டு: மேலே சென்றபின் தோள்பையையே அதன் நடுவில் தொங்கவிட்டால், சுமக்காத எடை கிடைத்துவிடும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், அது முக்காலியின்மேல் ஒற்றைக்காலை நட்டதாகும். சரிவில் இரு கால்களைப் பள்ளத்தின் பக்கமும் ஒரு காலை மேட்டின் பக்கமும் ஊன்றுவது அளவையாளர் விட்டுச்சென்ற பாடம். வனத்துறையின் அனுமதியும் பையில் இருத்தல் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இளைஞர்கள் பலர் மாண்டதை இவ்வூரார் மறக்கவில்லை.

இக்கருவிகளின் தரம் நாட்டின் கணக்கையே தொடும் இடம் ஒன்றுண்டு. 1975இல் ஈ. ஆர். சி. டேவிதார் வரையாட்டைப் பற்றிய முன்னோடி ஆய்வைச் செய்தார்; அவர் நினைவாகவே அக்டோபர் 7 வரையாட்டு நாளாகக் கொள்ளப்படுகிறது. தமிழக, கேரள வனத்துறைகள் ஒரே காலத்தில் நடத்திய கணக்கெடுப்பில் தமிழகத்தில் 2024ஆம் ஆண்டு 1,031 ஆடுகளும் 2025ஆம் ஆண்டு 1,303 ஆடுகளும் உள்ளனவென மதிப்பிட்டனர். அங்கே கையாளப்பட்ட முறைகளுள் ஒன்று வியக்கத்தக்கது. இருவர் தனித்தனியே, ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமல் எண்ணுவர். இருவரும் கண்டவை எத்தனை, ஒருவரே கண்டவை எத்தனை என்பதிலிருந்து, இருவரும் காணாது விட்டவற்றை மதிப்பிடுவர். முதிர்ந்த கடாவின் முதுகில் சேணம் இட்டாற்போல் வெளிறிய திட்டு ஒன்று இருக்கும். எதிர்ப்பாறையில், மேகம் விலகும் அரை நிமிடத்தில், அத்திட்டு கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தால்தான் அது கடா என்று ஏட்டில் ஏறும்.